பட்டறைக்குள் ஒரு பட்டறை: ஒளிப்படப் பயிலரங்கு அமைப்பாளர்களுக்கும் ஆலை நிர்வாகத்தினருக்கும் ஒரு திறந்த மடல்

இயங்கிக்கொண்டிருக்கும் பழைய தொழிற்சாலைகளுக்குள் ஒளிப்படப் பயிலரங்கு நடத்தும் அமைப்பாளர்களுக்கும், அதற்காக வாயிற்கதவைத் திறந்துவிடும் ஆலை நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

நான் ஒளிப்படத்தைத் தொழிலாகக் கொண்டவன் அல்லன்; ஓய்வு நாட்களில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படும் ஆர்வலர்களில் ஒருவன். அண்மையில், இரும்பு வார்க்கும் பழைய ஆலை ஒன்றில் 2 நாட்கள் நடைபெற்ற பயிலரங்கில் 16 பேரில் ஒருவனாகக் கலந்துகொண்டேன். அந்த ஆலையின் பெயரையும் பயிலரங்கை நடத்தியவர்களின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் இம்மடல் ஒரு தனிப்பட்ட புகாராகச் சுருங்கி, சம்பந்தப்பட்டவர்கள் வருத்தம் தெரிவித்து நாலு வரி எழுதியதோடு முடிந்துவிடும். வேறு ஆலைகளில் இத்தகைய பயிலரங்குகளுக்குப் போய்வந்த நண்பர்களும் ஏறத்தாழ இதையே சொல்லக் கேட்டிருப்பதால், உங்கள் அனைவரிடமும் சேர்த்துப் பேசுவதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

தமிழில் பட்டறை என்றால் கொல்லர் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல். அவர் தொழில் செய்யும் இடத்துக்கும் அதுவே பெயர். பயிற்சி வகுப்புகளுக்கு அந்தச் சொல்லை நாம் பிற்பாடுதான் இரவல் வாங்கிக்கொண்டோம். இரவல் வாங்கியவர்கள் சொல்லுக்கு உரியவர்களின் இடத்துக்கே போய், அவர்களைச் சற்று ஒதுங்கி நிற்கச் சொன்னதைப் பற்றித்தான் எழுத வந்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் பிற்பகலில் உலையைத் திறந்து இரும்பை ஊற்றும் நேரம் எங்களுக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. அழைப்பிதழிலும் அந்தக் காட்சியின் படமே போட்டிருந்தது. 16 பேரும் வந்ததே அதற்காகத்தான் என்று சொன்னாலும் தவறில்லை. இருவர் சேர்ந்து, உருகிய இரும்பை ஏந்தும், நீண்ட பிடிகொண்ட லேடில் என்ற கலத்தைத் தூக்கிக்கொண்டு, உலையின் வாயிலிருந்து மணல் அச்சுப் பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும் தளத்துக்கு வருவார்கள். மேலே மிதக்கும் கசட்டை மூன்றாமவர் ஒரு கம்பியால் ஒதுக்கிப் பிடிக்க, முதல் பெட்டியின் வாயில் இரும்பைச் சாய்ப்பார்கள். சாய்க்கத் தொடங்கினால் பெட்டி நிறையும்வரை ஓட்டம் அறுபடக் கூடாது. அதற்கு முன்னால் நின்று தாமதிக்கவும் கூடாது. 1300 பாகை செல்சியஸுக்கும் மேலான சூட்டில் உலையை விட்டு வெளியே வந்த இரும்பு, சிறிய லேடிலில் நிமிடத்துக்கு நிமிடம் சூடு இழக்கிறது. சூடு இறங்கிய இரும்பு அச்சின் மெல்லிய இடுக்குகளுக்குள் ஓடிச் சேருவதற்கு முன்பே உறையத் தொடங்கிவிடும். இதையெல்லாம் நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்திருந்தது, என் கேமராவின் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) எவ்வளவு என்பது மட்டும்.

நாங்கள் இரண்டு வரிசையாக நின்றிருந்தோம். பின்வரிசைக்காரர்களுக்குச் சரியாகப் படம் கிடைக்கவில்லை. பயிற்றுநர் கையை உயர்த்தி, லேடிலைச் சற்று அப்படியே பிடித்துக்கொள்ளுமாறு கேட்டார். பின்வரிசை முன்னால் வந்தது. மேற்பார்வையாளருக்கு ஒத்துழைக்கும்படி மேலிருந்து சொல்லப்பட்டிருந்ததால் அவர் ஒன்றும் சொல்லவில்லை. லேடிலைத் தாங்கிய இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நிமிடம் இருக்கலாம். அந்த இரண்டு நிமிடமும் கொதிக்கும் இரும்பைக் கையில் ஏந்தியவர்கள் அவர்கள். பொத்தானில் விரல் வைத்திருந்தவர்கள் நாங்கள். பிறகு ஊற்றினார்கள். எல்லோருக்கும் படம் கிடைத்தது. எனக்கும் கிடைத்தது, நல்ல படம்தான், அதை மறைப்பதற்கில்லை.

மாலையில், பெட்டிகளைப் பிரித்து மணலை உதிர்க்கும் இடத்துக்கு (அங்கே அதை நாக்கவுட் என்கிறார்கள்) நான் தனியே போனேன். வயதில் மூத்த மோல்டர் (மணல் அச்சு செய்பவர்) ஒருவர் சம்மட்டியால் ஒரு வார்ப்பை உடைத்துக்கொண்டிருந்தார். மெல்லிய சுவர் கொண்ட ஒரு பம்பு உறை; ஒரு பக்க விளிம்பில் இரும்பு வந்து சேராமல், எலி கடித்ததுபோல வட்டமாகக் குறைந்திருந்தது. எந்தப் பெட்டி என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார். எங்களுக்காகக் காத்திருந்த லேடில் முதலில் சாய்ந்த பெட்டி.

“சூடு இறங்கிப்போச்சு தம்பி. பரவாயில்லை, இது மறுபடி உலைக்குள்ளேதான் போகும்” என்றார்.

இரும்பு உலைக்குத் திரும்பும். அவர் மணலைச் சலித்து, ஈரப்பதத்தைக் கையில் பிடித்துப் பார்த்து, மாதிரியை வைத்து இடித்து, பெட்டியைப் புரட்டி, மாதிரியை விளிம்பு சிதையாமல் உருவி, வார்ப்பின் உள்வெற்றிடத்துக்கான மணல் உட்கருவை (கோர்) உள்ளே நிறுத்தி மூடிய வேலை எங்கே திரும்பும்? நான் திரும்பத் திரும்பக் கேட்டபிறகே இன்னொன்றையும் சொன்னார்: தேறிய வார்ப்புகளின் எண்ணிக்கைக்குத்தான் அவருக்குக் கூலி. எங்கள் 16 படங்களில் எதிலும் இந்தக் கணக்கு வராது.

லேடிலை நிறுத்திப் பிடிக்கச் சொன்ன பயிற்றுநர் கெட்ட எண்ணத்தோடு அப்படிச் செய்யவில்லை என்பதை நான் அறிவேன். உழைப்பவர்களைப் படத்துக்காக இன்னொரு முறை செய்துகாட்டச் சொல்வது, அசையும் படம் பிறந்த நாளிலிருந்தே வரும் பழக்கம். 1895இல் திரைப்பட முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் பிரான்சின் லியோன் நகரில் தங்கள் ஆலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியேறும் காட்சியைப் படமாக்கினார்கள். அதில் மூன்று வடிவங்கள் இன்றும் இருக்கின்றன. ஒன்றில் ஒரு குதிரை வருகிறது, இன்னொன்றில் இரண்டு குதிரைகள், மற்றொன்றில் குதிரையே இல்லை. ஆகவே அந்தத் தொழிலாளர்கள் கேமராவுக்காக ஒருமுறைக்கு மேல் வாயிலைக் கடந்திருக்கிறார்கள். அது அவர்களுடைய முதலாளிகளின் கேமரா என்பதும், அந்த ஆலை செய்த பொருளே ஒளிப்படத் தகடுகள் என்பதும் கவனிக்கத்தக்கவை. வாயிலைக் கடப்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிச் செய்யலாம். உருகிய இரும்பை ஊற்றுவதைத் திருப்பிச் செய்ய முடியாது.

ஆகவே நான் உங்களிடம் முன்வைக்கும் கோரிக்கை ஒன்றே ஒன்று. மற்றவை அதிலிருந்து கிளைப்பவை. இயங்கும் ஆலையில் படம்தான் வேலைக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு காட்சி தவறினால் தவறட்டும். எந்திரங்களின் வடிவமும் பழமையும் மட்டுமே உங்களுக்குப் போதும் என்றால், விடுமுறை நாளொன்றில் ஆலையைத் திறந்து, முக்காலிகளை நிறுத்தி, வேண்டிய மட்டும் நிதானமாக எடுக்கலாம். ஜெர்மனியில் ஒளிப்படத் தம்பதியரான பெர்ண்ட் பெக்கரும் ஹில்லா பெக்கரும் 1959 முதல் ஊதுலைகளையும் நீர்த்தொட்டிக் கோபுரங்களையும் மனிதர் எவரும் இல்லாமல், மேகம் மூடிய வானத்தின் சீரான ஒளியில், ஒரே முறையில் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அது நேர்மையான வழி, கடினமான வழியும்கூட. மனிதர்கள் வேலை செய்யும் நாளையே தேர்ந்தெடுத்துவிட்டு, அந்த வேலையை நம் வசதிக்கு நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது இரண்டிலும் சேராது.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் குறிப்பேட்டில் எந்தெந்த லென்ஸ் கொண்டுவரலாம் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தீர்கள். காலில் என்ன அணிந்து வரவேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. செயற்கை இழையால் ஆன சட்டை, தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்திச் சட்டை அப்படி ஒட்டாது. 16 பேரில் பெரும்பாலோர் விளையாட்டு வீரர்களைப்போலப் பளபளக்கும் சட்டையில் வந்திருந்தோம். தலைக்கவசம் தந்தீர்கள். அதன் முன்விளிம்பு கேமராவின் காட்சிக்கண்ணில் (வியூஃபைண்டர்) இடிக்கிறது என்று சிலர் அதைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள், ஒருவர் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டார். இதை எவரும் தடுக்கவில்லை. உருகிய இரும்பு ஈரத்தின்மீது சிந்தினால் அடியில் சிக்கிய நீர் ஒரே நொடியில் ஆவியாகி உலோகத்தை வெடித்துச் சிதற வைக்கும். அதனால்தான் ஊற்றும் தளத்தை உலர்வாக வைத்திருக்கிறார்கள். எங்களில் ஒருவர் அந்தத் தளத்தின் ஓரத்திலேயே தண்ணீர்ப் போத்தலை மூடாமல் வைத்துவிட்டுப் படமெடுக்கப் போனார். ஒரு தொழிலாளி ஓடிவந்து அதை எடுத்துக்கொண்டு போனார், எவரையும் கடிந்துகொள்ளாமல்.

ஒளிப்படக்காரர்களுக்கே உரிய அபாயங்கள் வேறு. ஆலையின் ஒரு பகுதியான கடைசல் பிரிவில், கூரைக்கடியில் நெடுக ஓடும் தண்டிலிருந்து தட்டையான பட்டைகள் இறங்கி வந்து பழைய லேத்துகளைச் சுழற்றுகின்றன. அழகான காட்சி. அந்தப் பட்டைகளுக்கும் கழுத்தில் தொங்கும் கேமரா வாருக்கும் இடையே ஒரு முழ தூரம்கூட இல்லாத இடங்கள் இருந்தன. சுழலும் தண்டு ஒரு வாரைப் பற்றிக்கொண்டால் அதை அணிந்தவரையும் சேர்த்தே இழுக்கும். அவிழ்க்க நேரம் இருக்காது. லேத்தில் நிற்பவர் தளர்ந்த ஆடை அணியாததற்கும், கையுறையைக்கூடக் கழற்றிவைப்பதற்கும் காரணம் அதுதான். நாங்களோ இரண்டு கேமரா, இரண்டு வார், கழுத்தில் அடையாள அட்டை என்று தொங்கட்டான்களோடு உள்ளே போனோம். கழுத்து அட்டையைத் தந்தவர்கள் நீங்களே.

இன்னொன்று பலருக்குத் தெரியாதது. பழைய சோக்குப் பொருத்திய குழல்விளக்குகள் மாறுமின்னோட்டத்தில் ஒரு நொடிக்கு 100 அல்லது 120 முறை மங்கி ஒளிர்கின்றன. அந்த ஒளியில் குறிப்பிட்ட வேகத்தில் சுழலும் சக்கரம் அசையாமல் நிற்பதுபோலவோ மெல்லப் பின்னோக்கிச் சுற்றுவதுபோலவோ தோன்றலாம். இன்றைய ஆடியில்லாக் (மிரர்லெஸ்) கேமராக்களின் மின்னணுக் காட்சிக்கண்ணிலும் இதே மாயம் நிகழ்கிறது. கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமலே ஒரு சக்கரத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த எனக்கு அது நின்றுவிட்டதாகவே தெரிந்தது. முதுகில் ஒரு கை விழுந்து பின்னுக்கு இழுத்தது. அந்தக் கைக்கு உரியவரின் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. அவர் தம் எந்திரத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்.

ஃபிளாஷைப் பயன்படுத்த வேண்டாம் என்று பயிற்றுநர் முதல் நாளே சொன்னது மிகச் சரி; ஆனால் அழகியல் காரணத்தை மட்டும் சொன்னார். அதனால், அழகியலில் மாற்றுக்கருத்து உள்ள இருவர் பயன்படுத்தினார்கள்! லேடிலைத் தூக்கி வருபவரின் கண் அரைநொடி கூசினாலும் என்ன நடக்கும் என்பதைச் சொல்லியிருந்தால் மாற்றுக்கருத்துக்கு இடம் இருந்திருக்காது. அமெரிக்க ஒளிப்படக்காரர் மார்கரெட் போர்க்-வைட் 1927–28ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கிளீவ்லாந்து நகரின் ஓட்டிஸ் எஃகு ஆலையில் படமெடுத்தபோது, அக்காலப் படச்சுருளுக்குச் சிவப்பொளி சரியாகப் பதியாததால், கண்ணைக் கூசவைக்கும் எஃகின் ஒளிகூடப் படத்தில் இருட்டாகவே வந்தது. பல தோல்விகளுக்குப் பிறகு மக்னீசியத் தீவட்டிகளைக் கொளுத்தித்தான் அவர் படங்களைப் பெற்றார். அவருக்கு அந்தத் தேவை இருந்தது. இன்று நம் கையிலுள்ள உணரிகளுக்கு அந்தத் தேவை இல்லை. வார்ப்பாலையில் ஃபிளாஷ் கண்ணைத்தான் கூசவைக்கும். மாவாலை, சாய ஆலை, கரைப்பான்களின் ஆவி நிறைந்த அறை போன்ற இடங்களிலோ ஃபிளாஷும் மின்கலமும் தீப்பற்ற வைக்கக் கூடியவை. அங்கே பயிலரங்கு நடத்த எண்ணும் நிர்வாகத்தினர், எந்தெந்த மின்கருவியை உள்ளே விடலாம் என்று தங்கள் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்காமல் ஒருவரையும் உள்ளே விடக் கூடாது.

இனி, இரண்டு நாட்களிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்த இடத்துக்கு வருகிறேன். நாக்கவுட் பகுதியின் கூரை ரம்பப் பல்லைப்போல மடிந்து மடிந்து செல்வது. ஒரு கண்ணாடி உடைந்திருந்த இடத்தில் மட்டும் மாலை வெயில் சாய்வாக உள்ளே இறங்கியது. மணல் உதிரும்போது எழுந்த தூசியில் அந்த வெயில் தூண் தூணாக நின்றது. 16 பேரும் அங்கே ஓடினோம். ஒளிக்கு எதிராக நின்று எடுங்கள் என்றார் பயிற்றுநர். அப்படி எடுத்தால்தான் கற்றை தெரியும். உண்மைதான். தொழிற்சாலைகளில் தூசியைச் சோதிக்கும் ஆய்வாளர்களும் இதையே செய்கிறார்கள்: சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்கே படாத நுண்தூசி எங்கே எழுகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க, ஒரு வலுவான விளக்கை எதிரே வைத்து, அதன் ஒளிக்கற்றையை நோக்கிப் பார்ப்பார்கள். ஆக, நாங்கள் கற்ற உத்தியும் அவர்களுடைய உத்தியும் ஒன்றே. அவர்கள் அதைச் செய்வதற்குக் காரணம், வார்ப்பு மணலில் உள்ள படிகச் சிலிக்கா நுண்துகளாகி நுரையீரலின் ஆழத்தில் போய்த் தங்கி, ஆண்டுக்கணக்கில் அதை வடுவாக்கும் சிலிக்கோசிஸ் என்ற நோய். அதற்கு முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. கூரைச் சாளரத்தைத் துடைத்து வைத்ததற்காக நிர்வாகத்துக்கு எங்கள் குழுவில் ஒருவர் நன்றி சொன்னார். தூசியை உறிஞ்சும் விசிறி அந்த நேரத்தில் ஓடவில்லை. கற்றை கலைந்துவிடும் என்பதற்காக நிறுத்தியிருந்தார்களா, பழுதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அழகைப் படமெடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கற்றையை நானும் எடுத்தேன். ஆனால் அது எதனால் ஆனது என்பதைச் சொல்லாமல் அதை எடுக்கச் சொல்லித்தருவது அரைப் பாடம். மறுபாதியைச் சொல்லத் தெரிந்தவர்கள் அங்கேயே, முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார்கள். அவர்களை எவரும் ஆசிரியராக அழைக்கவில்லை.

அவர்கள் ஆசிரியர்களாக முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். முதல் நாள் உலைவாயருகே எடுத்த ஒரு படத்தைக் கேமராவின் திரையில் சற்றுச் செம்மை கூட்டி அழகுபடுத்தி, அருகிலிருந்த உலைக்காரரிடம் காட்டினேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, “இரும்பு இந்த நிறத்தில் இருந்தால் நாங்கள் ஊற்றவே மாட்டோம்” என்றார். ஊற்றும் பதத்தில் இரும்பு வெளிர்மஞ்சளாக, பார்க்கவே முடியாதபடி இருக்கும்; செக்கச்சிவந்த இரும்பு எப்போதோ உறைந்த இரும்பு. நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லும் அந்தக் கண்ணுக்கு முன்னால் நிறத்தைச் சரிசெய்யும் என் கேமராவின் வெண்சமநிலை ஒன்றுமே இல்லை. குறைந்த ஒளியேற்றத்தில், செந்நிறம் ததும்ப, ‘நெருப்புக் கவிதை’யாக எடுக்கப்படும் வார்ப்பாலைப் படங்களில் பலவற்றை அந்த ஒரு வாக்கியத்தால் அளந்துவிடலாம். உலோகத்துக்கு ஏற்ப ஒளியளந்தால் மனித முகம் இருளில் போய்விடும், முகத்துக்கு ஏற்ப அளந்தால் உலோகம் வெறும் வெள்ளையாகிவிடும் என்பது பயிலரங்கில் சொல்லித்தந்த பாடம். இரும்பு அச்சை நிறைத்து மேலே எட்டிப்பார்க்கும் கடைசிக் கணத்தில் ஊற்றுபவர் குனிந்து பார்ப்பார், அப்போது உலோகத்தின் ஒளியே அவர் முகத்தில் படும் என்பது அந்த உலைக்காரர் சொல்லித்தந்தது. இரண்டாவதுதான் பயன்பட்டது. விரைவாக ஓடும் சக்கரத்தை 1/1000 நொடியில் எடுத்தால் ஆலை வேலைநிறுத்தத்தில் இருப்பதுபோலத் தெரிகிறது, 1/15இல் எடுத்தால்தான் ஓடுகிறது என்பதையும் லேத்தில் நின்றவர் ஒருவரே சிரித்துக்கொண்டு சொன்னார், எண்களைச் சொல்லாமல்.

சம்மதம் பற்றி நிர்வாகத்தினரிடம் தனியே சொல்ல வேண்டும். எல்லோரிடமும் சம்மதம் வாங்கியாகிவிட்டது என்றீர்கள். மேற்பார்வையாளர் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், மறுப்பதற்கு எத்தனை பேருக்குத் துணிவு வரும்? அதிலும் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவருக்கு? கேமராவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒருவரை நாள் முழுவதும் பார்த்தேன். அவர் கையெழுத்தும் அந்தத் தாளில் இருந்திருக்கும். தயக்கத்துக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஒன்றை மட்டும் நான் நேரிலேயே அறிந்தேன். வியர்வையில் மூச்சு முட்டுகிறது என்று முகக்கவசத்தைக் கீழே இறக்கியிருந்த ஒருவர், நான் படமெடுத்ததும் அருகில் வந்து அதை அழிக்க முடியுமா என்று கேட்டார். விதிமீறலுக்குச் சான்றாக அந்தப் படம் நாளை அவருக்கே எதிராக நீட்டப்படலாம். அவர் கண்ணெதிரே அழித்தேன். மறுபுறம், பயிலரங்குக்கு முதல்நாள் தளம் கழுவப்பட்டிருந்தது, எல்லோருக்கும் புதிய உடுப்பு தரப்பட்டிருந்தது. மடிப்புக்கோடுகள் கலையாத அந்த உடுப்புகளை எந்த லென்ஸாலும் மறைக்க முடியவில்லை. எங்களுக்காக அல்லாமல் அவர்களுக்காகவே அவற்றைத் தந்திருக்கலாம்.

படத்தின் கீழே எழுதப்படும் சொற்களும் இதைச் சேர்ந்தவையே. நிறைவு நாளில் ஆலையின் கூடத்தில் ஒரு சிறு கண்காட்சி வைத்தீர்கள். ‘நெருப்பின் நடனம்’, ‘உழைப்பு’, ‘காலம்’ என்றெல்லாம் தலைப்புகள். படமெடுத்தவர்களின் பெயர் ஒவ்வொன்றிலும் இருந்தது. படத்தில் இருந்தவர்களின் பெயர் ஒன்றில்கூட இல்லை. ஒளிப்படக்காரர் லூயிஸ் ஹைன் 1908 முதல் அமெரிக்காவின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக ஆலை ஆலையாகச் சென்றபோது, உள்ளே விடமாட்டார்கள் என்பதால், எந்திரங்களைப் படமெடுக்க வந்தவன் என்றுகூடச் சொல்லி நுழைந்திருக்கிறார். குழந்தைகளின் உயரத்தைத் தம் மேற்சட்டையின் பொத்தான்களை வைத்து அளந்துகொள்வார். சட்டைப்பைக்குள் கையை விட்டபடியே குறிப்பெடுப்பார். அத்தனை நெருக்கடியிலும் பெயர், வயது, செய்யும் வேலை ஆகியவற்றை இயன்றவரை எழுதிவைத்ததால்தான் அந்தப் படங்கள் சான்றுகளாக நின்றன. நமக்கு வாயிற்கதவு திறந்திருந்தது, 2 முழு நாட்கள் இருந்தன. பெயர் கேட்க ஒரு நிமிடம் போதும். பெயர் வேண்டாம் என்று சொல்பவர்களுக்கு அந்த உரிமையும் உண்டு. ஆனால் கேட்டபிறகுதானே அது தெரியும்?

ஆகவே அடுத்த பயிலரங்கைத் திட்டமிடும்போது சிலவற்றை மாற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு தளத்தில் ஒரே நேரத்தில் 6 பேருக்குமேல் வேண்டாம். கட்டணக் கணக்கு சரிப்படாது என்பீர்களானால், நாட்களைக் கூட்டுங்கள். முதல் அரைநாள் கேமராவைப் பையை விட்டு எடுக்காமல், அங்கே வேலை செய்பவர்களில் ஒருவரோ இருவரோ எங்களை அழைத்துக்கொண்டுபோய் வேலையின் வரிசையை விளக்கட்டும். அந்த நேரத்துக்கு அவர்களுக்குப் பயிற்றுநருக்குரிய ஊதியத்தைக் கொடுங்கள், அவர்கள் கூலியிலும் பிடிக்காதீர்கள். எங்கே நிற்கலாம், எப்போது விலக வேண்டும் என்பதை ஊற்றும் குழுவின் தலைவர் முடிவு செய்யட்டும். அவர் கையைக் காட்டினால் பயிற்றுநர் உட்பட அனைவரும் அகல வேண்டும். காதடைப்பான் போட்ட பிறகு கத்துவது பயன்படாது என்பதால், இரண்டு மூன்று கைச்சைகைகளை முன்னதாகவே ஒத்துக்கொள்வது நல்லது. கழுத்துவார் எந்திரங்களின் அருகே கட்டாயம் கூடாது. மணிக்கட்டில் கட்டும் சிறுவார் போதும், இழுத்தால் அறுந்துபோகும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது. முக்காலி நடைபாதையில் வேண்டவே வேண்டாம்.

சம்மதத்தை மேற்பார்வையாளர் கேட்கக் கூடாது. தொழிலாளர்கள் தாங்களே தேர்ந்தெடுக்கும் ஒருவர், தனித்தனியே, வாய்மொழியாகக் கேட்கட்டும். வேண்டாம் என்பவர்கள் தொப்பியிலோ கையிலோ ஒரு நிறப்பட்டை கட்டிக்கொண்டால் எங்களுக்குத் தெரிந்துவிடும். கொடுத்த சம்மதத்தைப் படத்தைப் பார்த்தபிறகு திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். பயிலரங்கால் வீணாகும் வார்ப்புகளின் இழப்பு அமைப்பாளரின் கணக்கில் ஏற வேண்டும், மோல்டரின் கூலியில் குறையக் கூடாது. இது ஒன்றை எழுத்தில் ஒப்புக்கொண்டாலே லேடிலை நிறுத்திப் பிடிக்கச் சொல்லும் பழக்கம் தானாகக் குறைந்துவிடும் என்று நினைக்கிறேன். கண்காட்சியை நிறைவு நாளில் விருந்தினருக்காக வைப்பதோடு நிறுத்தாமல், ஷிப்டு மாறும் வாயிலருகே ஒரு வாரம் வையுங்கள். எங்கள் படங்களைப் பற்றி அங்கே எழும் பேச்சைக் கேட்கும் துணிவு எங்களுக்கும் வேண்டும்.

கடைசியாக, எனக்குச் சொந்தமான ஒரு சிறு காரியம். அந்த இரண்டு நாட்களில் எடுத்த படங்களில் 11ஐ அச்சிட்டு வைத்திருக்கிறேன். சம்மட்டியோடு நிற்கும் மோல்டரின் படம் ஒன்று. நிறத்தைத் திருத்தி மறுபடி அச்சிட்ட உலைவாய்ப் படம் ஒன்று. மற்றவை அவர்களே திரையில் பார்த்து, இது வேண்டும் என்று கேட்டவை. இருமுறை ஆலை வாயிலுக்குப் போனேன். வெளியார் தரும் பொட்டலங்களை உள்ளே கொடுக்க அனுமதி இல்லை என்று காவலர் மரியாதையாகவே சொல்லி அனுப்பினார். பயிலரங்கு அலுவலகத்தில், தொழிலாளர்களுக்குப் படம் தருவது தங்கள் திட்டத்தில் இல்லை என்றார்கள். உறையின் மேல் எழுத எனக்கு நான்கு பெயர்கள் தெரியும். மீதிப் பேரை முகத்தால் மட்டுமே தெரியும், முதுகில் கை வைத்து என்னைப் பின்னுக்கு இழுத்தவரை முகத்தாலும் தெரியாது. எந்த நாளில், எந்த ஷிப்டு முடியும் நேரத்தில், எந்த வாயிலில் வந்து நின்றால் இவற்றை உரியவர்களின் கையிலேயே கொடுக்க முடியும் என்பதை உங்களில் யாரேனும் எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பயிலரங்கில் கலந்துகொண்ட 16 பேரில் ஒருவன்